தொலையாத பந்து

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொஞ்ச நாளாகவே இருப்புக்கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டும், வீட்டுக்கு வந்தால் கடைக்கு ஓடவேண்டும். இரண்டு இடத்திலும் கைபேசியைத் திறந்து ஒரே படத்தைப் பார்க்கவேண்டும். கடலோரப் பாறையின் மேல் பச்சையாக விரிந்து கிடக்கும் ஒரு கோல்ஃப் மைதானம். வெளிநாடு. அங்கே ஒரு குழிக்கு, இந்தப் பாறையில் நின்று கடலைத் தாண்டி எதிர்ப்பாறைக்குப் பந்தை அடிக்கவேண்டுமாம். கீழே அலை அடித்துக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமைதோறும் சேர்ந்து ஆடும் நான்கு பேரும் அங்கே போய் ஒரு வாரம் ஆடிவிட்டு வருவது என்று பேச ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகிறது. பேசுவதற்கு என்ன காசா பணமா? ஒவ்வொரு வருஷமும் பேசுவார்கள், ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு சாக்கு வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். கடைக்காரரும் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த வருஷம்தான் ஒற்றைக்காலில் நின்றார். போனால் இப்போதே போகவேண்டும் என்றார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

அவருடைய வலது கண் போய்க்கொண்டிருந்தது.

அது தெரியவந்ததே ஒரு சண்டையில்தான். வீட்டில் துணி அலமாரிக்குப் புதுக் கதவு மாட்டினார்கள். வேலை முடிந்ததும் வந்து பார்த்தவர், "என்னய்யா இது, கதவு நடுவுல வளைஞ்சு நிக்குது?" என்று தச்சர் மேல் பாய்ந்தார். தச்சர் ரசமட்டத்தை எடுத்துக் கதவில் வைத்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. "நேராத்தானேங்க இருக்கு? பாவம், அவரைப் போய்..." என்றாள் மனைவி. கடைக்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு இடது கண்ணைப் பொத்தினார். சுவரில் பதித்த ஓடுகளின் கோடுகள் எல்லாம் நெளிந்தன. நடுவில், விரல் பட்டு அழுக்கான கண்ணாடி போல ஒரு மங்கல். இடது கண்ணோ சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண். பேருக்குத்தான் அங்கே இருந்தது. வலது கண்தான் இத்தனை காலமும் இரண்டு பேர் வேலையைப் பார்த்தது.

அவருக்கு இது என்னவென்று தெரியாதா? கடையில் ஒரு கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. வயதானவர்கள் வந்தால் அதைக் காட்டி, "கோடெல்லாம் நேரா தெரியுதா?" என்று கேட்பார். நெளியுது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கண்ணாடி விற்கிற பேச்சையே விட்டுவிடுவார். "இன்னிக்கே பெரிய டாக்டரைப் போய்ப் பாருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்று கையோடு ஆட்டோ ஏற்றி அனுப்புகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் மறுநாள் கடைக்குப் போய் அந்த அட்டையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். மனுஷன் புத்தி அப்படித்தான் போகும், என்ன செய்வது?

பயம். வேறொன்றுமில்லை. டாக்டரிடம் போனால் ஊசி என்பார், மாதாமாதம் என்பார், பயணம் கியணம் எல்லாம் மூட்டை கட்டி வையுங்கள் என்பார். கடலைத் தாண்டிப் பந்து போவதைக் காணாமலே கண் அணைந்துவிடும். முதலில் போய்விட்டு வந்துவிடுவோம், அப்புறம் டாக்டரைப் பார்த்துக்கொள்வோம் என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். அந்தத் தீர்ப்புக்கு ஒரு சாட்சியும் வைத்திருந்தார். சனிக்கிழமை ஆட்டத்தில் அவருடைய பந்து தொலைவதே இல்லை! அடித்த பந்து வானத்தில் எங்கே போகிறது என்று தெரிகிறதோ இல்லையோ, நடந்து போனால் புல்லில் கிடக்கிறது. தடவித் தடவியாவது தேடி எடுத்துவிடுகிறார். பந்து கிடைக்கிற வரைக்கும் கண் அவ்வளவு மோசமில்லை. அட்டை என்ன சொன்னால் என்ன?

அந்த வாரம் நான்கு பேரும் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடினார்கள். சாயங்காலம், கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனபிறகு, காத்திருக்கும் அறையின் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். பல் டாக்டர், வக்கீல், கடைக்காரர், அப்புறம் சம்பந்தி. கடைக்காரரின் பெண்ணைத் தன் பையனுக்குக் கட்டி வைத்தவர். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி வைத்திருக்கிறார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாலும் உள்ளே இருப்பவர்களிடம், "ஒண்ணுமில்லைங்க, இதோ ஆயிடுச்சு" என்று தேன் ஒழுகச் சொல்லிப் பழகிய வாய். யார் முகமும் வாடுவதை அவரால் பார்க்கமுடியாது.

"இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உறுதின்னு சொல்லணும். இல்லேன்னா வேற யாருக்கோ போயிடும்" என்றார் கடைக்காரர். உட்காரவில்லை. அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே பேசினார்.

"அந்த மாசம் கிளினிக்குக்குப் புது நாற்காலி வருது. நான் இல்லேன்னா தப்பா மாட்டிட்டுப் போயிடுவான்" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு ஒரு பாகப்பிரிவினை கேஸ். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருக்கறதே நான் நடுவுல நிக்கறதாலதான்" என்றார் வக்கீல்.

"போன வருஷமும் இதே அண்ணன் தம்பிதானே? இன்னும் ஒருத்தனை ஒருத்தன் கொல்லலையா?" என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. கடைசியில் சம்பந்தி மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த வருஷம் நிதானமாப் போகலாமே, சம்பந்தி? கடல் எங்க ஓடிப்போகுது?"

"கடல் ஓடாது. நான்..." என்று ஆரம்பித்த கடைக்காரர் மென்று விழுங்கினார். பிறகு சத்தம் போட்டார். "ஒவ்வொருத்தரும் ஒரு கதை வெச்சிருக்கீங்க. போக இஷ்டமில்லேன்னா இஷ்டமில்லேன்னு முகத்துக்கு நேரா சொல்லுங்களேன்!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டது கடைக்காரருக்குத் தெரியவில்லை. அவருக்கு முகங்கள் இப்போதெல்லாம் ஓரம்தான் தெளிவு. வக்கீல்தான் சமாளித்தார். "சரி, கோபப்படாதீங்க. சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும், அங்கேயே முடிவு சொல்லிடறோம்."

சனிக்கிழமை காலை, மைதானத்துக்குக் கிளம்பும் நேரத்தில் பேனாவைக் காணோம். இந்தக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. போட்டவர் வக்கீல். அவரவர் பந்தில் அவரவர் அடையாளம் இருக்கவேண்டும், பிறகு உன் பந்து என் பந்து என்று தகராறு வரக்கூடாது. கடைக்காரருடைய அடையாளம் இரண்டு பச்சைப் புள்ளிகள். லென்ஸை வெட்டுவதற்கு முன் நடுப்புள்ளி வைக்கிற பேனாவால் வைப்பார். எத்தனை வருஷமானாலும் அதே பச்சைதான். அந்தப் பேனா கடையில் மாட்டிக்கொண்டது. போன முறை புள்ளி வைத்த பந்துகளும் கடையில் கழற்றி மாட்டிய சட்டையின் பையிலேயே இருந்துவிட்டன.

"வேற பேனாவே வீட்டுல இல்லையா?" என்று மேசை இழுப்பறைகளைத் திறந்து திறந்து அறைந்தார்.

"எதுக்கு இப்படிக் காலுல வெந்நீர் ஊத்தின மாதிரி குதிக்கறீங்க? இந்தாங்க." மனைவி நெயில் பாலிஷ் குப்பியை நீட்டினாள். நல்ல அடர்ந்த சிவப்பு. "கொண்டாங்க, நானே வெக்கறேன். நீங்க வெச்சா கை முழுக்க ஆகும்." புதுப் பந்துகளில் பொட்டு வைப்பதுபோல் இரண்டிரண்டு புள்ளி வைத்து, வாயால் ஊதிக் காயவைத்துக் கொடுத்தாள். "பாருங்க, இப்பத்தான் பந்துக்கே ஒரு களை வந்திருக்கு." அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலையில் வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே ஓடியது என்றுதான் சொல்லவேண்டும். மற்றவர்கள் நின்று காற்றைப் பார்த்து, மட்டையை மாற்றி, வம்பு பேசி ஆடுகிறவர்கள். கடைக்காரர் தள்ளுவண்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். ஆட்டம் முடிந்தால் முடிவு. முடிவு வந்தால் கைபேசியில் ஒரு பொத்தான். அதை அமுக்கிவிட்டால் கடல்.

நடு மைதானத்தில் ஒரு குளம் உண்டு. குளத்தைத் தாண்டித்தான் கொடி. கடைக்காரர் முதலில் அடித்தார். மட்டையில் பந்து பட்ட சத்தம் நன்றாகத்தான் இருந்தது. தலையைத் தூக்கினார். வானம் இருந்தது, மரங்களின் ஓரம் இருந்தது, பந்து இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு சின்னச் சத்தம். தவளையோ என்னவோ.

"அருமை! தாண்டிருச்சு, சம்பந்தி. வலது பக்கப் புல்லுல விழுந்திருக்கு, நான் பாத்துட்டேன்" என்றார் சம்பந்தி உடனே.

வக்கீல் வானத்தைப் பார்த்தார். பல் டாக்டர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். எப்போதும்போல் சம்பந்தி இரண்டு எட்டு முன்னால் போனார். லிஃப்ட்காரருக்கு வேகமான நடை. எப்போதும்போல் புல்லைக் காலால் விலக்கி, "இதோ கிடக்கு பாருங்க" என்றார். கடைக்காரர் குனிந்து, தன்னுடையதுதானா என்று சரிபார்க்கப் பந்தை எடுத்தார். வக்கீலின் சட்டமாயிற்றே.

புள்ளி பச்சையாக இருந்தது.

நேராகப் பார்த்தால் நடுவில் இருப்பது மங்கும் என்பதால் பந்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். இரண்டு புள்ளி. பச்சை. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பச்சை பச்சையாகவே இருந்தது.

"சம்பந்தி, இது என் பந்து இல்ல."

"உங்களுதுதாங்க. பச்சைப் புள்ளி இருக்கே."

"இன்னிக்கு என் பந்துல பச்சை இல்ல. சிவப்பு. என் வீட்டுக்காரியோட நெயில் பாலிஷ்."

சம்பந்தியின் வலது கை கால்சட்டைப் பையை மேலாக அழுத்திப் பிடித்தது. பை உப்பியிருந்தது. கடைக்காரர் கையை நீட்டினார். மறுக்கத் தெரியாத மனுஷன், ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கையில் வைத்தார். எல்லாம் கடைக்காரர் வாங்குகிற அதே பந்து. எல்லாவற்றிலும் இரண்டு பச்சைப் புள்ளி.

"பச்சைப் பேனா எங்க கெடைச்சுச்சு?"

"உங்க கடையிலதான். கடைப் பையன்கிட்டக் கேட்டு வாங்கினேன், லிஃப்டுல அடையாளம் போடணும்னு."

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்காலத்துலேர்ந்து."

கடைக்காரர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். பந்தின் மேல் ஒரு இலை அசைந்தாலும் சட்டம் பேசுகிற வக்கீல், மட்டையால் புல்லைக் குத்திக்கொண்டு நின்றார். பல் டாக்டர் வேறு பக்கம் பார்த்தார். ஆக எல்லோருக்கும் தெரியும்.

"அதான் ஒவ்வொருத்தரும் சாக்குச் சொன்னீங்களா? நாற்காலி, பாகப்பிரிவினை..."

"அங்க கடல், சம்பந்தி" என்றார் சம்பந்தி. "சுத்திலும் தெரியாத மனுஷங்க. நான் எத்தனை பந்தைத்தான் பையில போட்டுக்கிட்டு முன்னால ஓடுவேன்? எதிர்ப்பாறைக்கு எப்படி ஓடுவேன்?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க பொண்ணைக் கொடுத்தவரு. உங்களைப் பாத்து, கண்ணு தெரியலைன்னு என் வாயால எப்படிச் சொல்வேன்? என் பையன் காதுக்குப் போகும், உங்க பொண்ணு காதுக்குப் போகும், ஏதோ நாங்க குறை சொன்ன மாதிரி ஆயிடும். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், டாக்டர்கிட்ட போய்க்கிட்டுதான் இருப்பீங்கன்னு நெனச்சேன். கண்ணுக்குக் கடை வெச்சிருக்கவர்தானே. நான் செய்யறது ஒரு மரியாதைக்குன்னு..."

மற்ற யார் என்றாலும் முதல் நாளே, "யோவ், கண்ணைப் போய்க் காட்டு" என்று சொல்லியிருப்பார்கள். சம்பந்தி என்கிற அந்த ஒரு உறவுக்குத்தான் இவ்வளவு பூசி மெழுகல். கடைக்காரருக்கு அது புரியாமல் இல்லை. அவரும் சம்பந்தி வீட்டில் கொடுத்த உப்பில்லாத பலகாரத்தையெல்லாம் ஆகா ஓகோ என்று தின்றவர்தான். ஆனால் உள்ளதைச் சொல்லாமலும் இருக்கமுடியவில்லை.

"நான் போகல, சம்பந்தி. எந்த டாக்டர்கிட்டயும் போகல. பந்து கெடைச்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால கண்ணு இன்னும் பரவாயில்லேன்னு நெனச்சேன்."

சம்பந்தி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் அத்துடன் நின்றது. நான்கு வண்டிகளும் குளக்கரையில் கேட்பாரற்று நின்றன. பல் டாக்டர்தான் வந்து, சம்பந்தியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, இருவரிடமும், "கார்ல ஏறுங்க. பேச்செல்லாம் அப்புறம்" என்றார்.

கண் டாக்டருக்குக் கடைக்காரரைப் பார்த்ததும் ஆச்சரியம். "எனக்கு ஆள் அனுப்பறவரே வந்திருக்கீங்க?" என்று சிரித்தபடி ஆரம்பித்தவர், விளக்கை வைத்து உள்ளே பார்க்கப் பார்க்கச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். சுற்றி வளைக்கவில்லை. "முதல்லயே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கலாம். நாளைக்கு முதல் ஊசி. அப்புறம் மாசம் ஒண்ணு, தேதி தவறக்கூடாது. ஊர் போறதுன்னா போங்க, நான் தடுக்கல. நீங்களே யோசிச்சுக்குங்க."

வெளியே நீள பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வக்கீலும் பல் டாக்டரும் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள். கண்ணில் விட்ட சொட்டு மருந்தால் கடைக்காரருக்கு எல்லாமே வெள்ளை வெளிச்சமாக இருந்தது. கைபேசி பையில் அதிர்ந்தது. எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினார்.

"என்னன்னு படிங்க."

"அந்த மைதானத்துலேர்ந்துதான். இன்னிக்கு உறுதி சொல்லலேன்னா இடத்தை விட்டுடுவாங்களாம்."

கடைக்காரரின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. "நீங்க சொல்லுங்க. போகலாமா? சம்பந்தின்னு மரியாதைக்குச் சொல்லாதீங்க. இன்னிக்கு ஒரு நாளாவது சொல்லாதீங்க."

சம்பந்தி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். அவருடைய வாழ்க்கையில் யார் முகத்தைப் பார்த்தும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"வேண்டாம்" என்றார். "இந்த வருஷம் வேண்டாம். ஊசி போடுங்க. கண்ணு எவ்வளவு மிஞ்சுதோ மிஞ்சட்டும். அப்புறம் போவோம்."

"அப்ப எனக்குக் கடல் தெரியலேன்னா?"

"தெரியலேன்னா தெரியலதான். பந்து எங்க போச்சுன்னு நான் சொல்றேன். உள்ளபடி."

கடைக்காரருக்கு அழுகை வந்தது. மருந்தும் சேர்ந்து வழிந்ததில் எது எது என்று பிரிக்கமுடியவில்லை. துடைத்துக்கொண்டார். எத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த படம், ஒரு வார்த்தையில் போய்விட்டது. வலித்தது. ஆனால் அந்த ஆள் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

"இன்னிக்குக் கடைசியா அடிச்சேனே, அது எங்க விழுந்துச்சு?"

"தண்ணியில."

"கரையோரமா?"

"இல்ல. நட்ட நடுவுல. பாதி தூரம்கூடப் போகல."

கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் சிவப்புப் பொட்டுப் பந்து குளத்தின் அடியில் சேற்றில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் களை வந்துவிட்டதென்று மனைவி சொன்னாளே.

"போன வாரம்?"

"அதுவும் தண்ணி."

"அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னால, நல்லா சுழிச்சு உள்ள போயிருக்குன்னு கை தட்டினீங்களே, அது?"

"அது பக்கத்து ரோட்டுல விழுந்துச்சு, சம்பந்தி. ஒரு பால் வண்டி மேல."

கடைக்காரருக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. தட்டிக்கொண்டிருந்த கால் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. வெள்ளை வெளிச்சத்துக்குள் சம்பந்தி இருக்கும் பக்கம் பார்த்து நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அதுக்கு முந்தினது?" என்று கேட்டார்.